ஜூலியாவின் ஐந்து பவுன்

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்' 1936இல் லண்டனில் விக்டர் கொலான்ஸ் வெளியீடாக வந்தது. அது ஒரு ஹாஸ்ய நாவல். பலரும் அப்படிச் சொல்வதில்லையாதலால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'விலங்குப் பண்ணை'யையும் '1984'ஐயும் எழுதியவரிடம் நாம் எச்சரிக்கையை எதிர்பார்க்கிறோம், தீர்க்கதரிசனத்தை எதிர்பார்க்கிறோம், சிரிப்பை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு மூன்று பென்னி நாணயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் படும் அவஸ்தையை இந்நாவலின் ஆரம்பப் பக்கங்களில் படிப்பவர்கள் சிரிக்காமல் இருந்தால் அது அவர்கள் குறைதான். அந்த நாணயம் மிகச் சிறியது. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குள் குழந்தைகளுக்காக ஒளித்துவைக்கும் வகை. அதை நீட்டினால் இவனிடம் இருப்பதே இதுதான் என்று கடைக்காரப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே அது காசுதான், ஆனால் செலவழிக்க முடியாத காசு. பணம் என்ற தெய்வத்தின் மேல் யுத்தப் பிரகடனம் செய்திருக்கும் கவிஞன் கார்டன் காம்ஸ்டாக், அந்தத் தெய்வத்தின் மிகச் சிறிய பிம்பத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அதைக் கண்டே பயந்து நிற்கிறான்.

கார்டனுக்கு முப்பது வயது நெருங்குகிறது. நியூ ஆல்பியன் என்ற விளம்பரக் கம்பெனியில் 'நல்ல' வேலை கிடைத்தது. விளம்பர வாசகம் எழுதுவதில் தனக்குத் திறமை இருக்கிறது என்று தெரிந்ததும் அருவருத்து வேலையை விட்டுவிடுகிறான். இப்போது ஒரு புத்தகக் கடையில் வாரத்துக்கு இரண்டு பவுன் சம்பளம். 'எலிகள்' என்ற தலைப்பில் மெலிந்த கவிதைத் தொகுதி ஒன்று வெளியாகி 153 பிரதிகள் விற்றது. மிச்சம் மலிவு விலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. டைம்ஸ் இலக்கிய மலர் அவனை நம்பிக்கையூட்டும் கவிஞன் என்றது. அந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டுகிறான். லண்டனின் ஒரு நாளைப் பற்றி இரண்டாயிரம் வரியில் நெடுங்கவிதை எழுதிக்கொண்டிருக்கிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான். குடியிருக்கும் அறையில் தேநீர் போடக் கூடாது என்பது வீட்டுக்காரி திருமதி விஸ்பீச்சின் சட்டம். கதவைத் தாழிட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகத் தேநீர் போட்டுக் குடித்து, இலைத்தூளைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறான். ஜன்னலோரத்தில் தொட்டியில் ஓர் ஆஸ்பிடிஸ்ட்ரா. இங்கிலாந்தின் கீழ்நடுத்தர வர்க்கத்து வீடு ஒவ்வொன்றிலும் நின்ற செடி அது. நம் வீட்டு வாசல்களில் குரோட்டன்ஸ் இருந்தது மாதிரி, கௌரவத்தின் தாவர வடிவம். அதன் இலைகளில் சிகரெட்டை அணைக்கிறான், வேரில் உப்பைப் போடுகிறான். அது சாவதாக இல்லை.

இவை எல்லாம் சிரிப்புக்கு உரியவை. காரணம், அளவுப் பிசகு. உலகத்தின் முழுப் பொருளாதார அமைப்பையும் நிராகரிக்கும் ஒரு மனம், அந்த நிராகரிப்பை நடத்திக்காட்டக் கிடைத்த களம் ஒரு தொட்டிச் செடி. இதை ஆர்வெல் நன்றாகத் தெரிந்தே செய்கிறார். கார்டனின் வாதங்களில் தவறு சொல்வது கடினம். விளம்பரத்தைப் பற்றியும் காசு எப்படி மனித உறவுகளுக்குள் புகுந்து உட்காருகிறது என்பது பற்றியும் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. சரியானவற்றைச் சொல்லும் ஒருவன் ஏன் இவ்வளவு அபத்தமாக இருக்கிறான் என்பதுதான் நாவல் நம் முன் வைக்கும் புதிர்.

முதல் முறை படித்தபோது இந்தப் புதிருக்கு எனக்கு ஒரு விடை இருந்தது: அவன் மோசமான கவிஞன், நல்ல கவிஞனாக இருந்திருந்தால் அபத்தம் தெரிந்திருக்காது. அநேகமாக இளம் எழுத்தாளர்கள் எல்லோரும் இப்படித்தான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். தன் கவிதை நல்ல கவிதை என்ற நிச்சயம் உள்ளவரை கார்டன் வேறு யாரோ. பல வருஷங்கள் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான் முதல் வாசிப்பில் ஒரு பாத்திரத்தை முழுசாகத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. கதைச் சுருக்கம் சொல்லச் சொன்னால் அவளை விட்டுவிட்டே சொல்லியிருப்பேன். இப்போதும் சற்றுமுன் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அவள் ஜூலியா. கார்டனின் அக்கா, ஐந்து வயது மூத்தவள். காம்ஸ்டாக் குடும்பத்தில் பிள்ளை கார்டன் ஒருவன்தான். ஆகவே அவனை ஒரு மூன்றாந்தர போர்டிங் பள்ளியில் படிக்கவைக்க இருந்த காசெல்லாம் போயிற்று. ஜூலியாவின் படிப்பு அதற்காக நிறுத்தப்பட்டது. இதில் யாருக்கும் சந்தேகமோ வருத்தமோ இல்லை, ஜூலியாவுக்கும் இல்லை. அவன் வளர்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவான் என்பது ஏற்பாடு. அவள் ஒரு தேநீர்க் கடையில் வேலைக்குச் சேர்கிறாள்: வாரத்துக்கு 72 மணி நேரம், 25 ஷில்லிங். கார்டன் நல்ல வேலைகளை விட்டு விட்டு ஓட ஓட, அந்த ஷில்லிங்குகளிலிருந்து அவன் கடன் வாங்குகிறான். திருப்பித் தருவதாகத்தான் எப்போதும் எண்ணம்.

நாவலின் மையச் சம்பவத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து ஒரு பத்திரிகை கார்டனின் கவிதைக்கு ஐம்பது டாலர் அனுப்புகிறது. மாற்றினால் பத்துப் பவுன். அவன் வாழ்வில் எழுத்துக்குக் கிடைத்த பெரிய தொகை. அதில் ஐந்து பவுன் ஜூலியாவுக்கு என்று உடனே தீர்மானிக்கிறான். தீர்மானித்ததில் அவனுக்கு ஏற்படும் மனநிறைவு பார்க்க வேண்டிய ஒன்று. கொடுத்தே விட்டவன் மாதிரி நடக்கிறான். அன்று மாலை காதலி ரோஸ்மேரியையும் நண்பன் ராவல்ஸ்டனையும் விருந்துக்கு அழைத்துப்போகிறான். உயர்ந்த ஹோட்டல், உயர்ந்த ஒயின், பிறகு மேலும் குடி, பிறகு தெருப் பெண்கள், பிறகு ஒரு போலீஸ்காரனுக்கு விட்ட அடி. மறுநாள் காலை லாக்கப்பில் விழிக்கும்போது பத்துப் பவுனும் இல்லை, வேலையும் போகப்போகிறது. அபராதத்தை ராவல்ஸ்டன் கட்டுகிறான். ஆங்கில நாவல்களில் குடிகாரனின் இரவை இவ்வளவு வேகமாகவும் இரக்கமின்றியும் எழுதிய இடங்கள் அதிகமில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்த அத்தியாயம் அது.

பவுன் என்ற சொல் தமிழில் தங்க நாணயத்துக்கும் ஆகிவந்து, பிறகு தங்கத்தின் எடைக்கே பெயராகிவிட்டது. 'ஐந்து பவுன்' என்று சொன்னால் நமக்கு ஒரு கழுத்தோ இரண்டு கைகளோ நினைவுக்கு வரும். இங்கிலீஷில் வாசிக்கும்போது அது ஐந்து காகித நோட்டு. தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் அதற்கு உடம்பு வந்தது. ஜூலியா வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து பவுன் என்பது நூறு ஷில்லிங். நான்கு வாரச் சம்பளம். 288 மணி நேரம் தேநீர்த் தட்டு தூக்கிய கால். பிறகு கொஞ்சம் கூட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஓர் இரவில் அது கரைகிறது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. கார்டன் பணத்தை நிராகரிக்கிறான் என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறோம்?

அவன் ராவல்ஸ்டனிடம் கடன் கேட்கமாட்டான். ராவல்ஸ்டன் பணக்காரன், சோஷலிஸ்ட், 'ஆன்டிகிறைஸ்ட்' என்ற சிறுபத்திரிகை நடத்துகிறவன், தன் செல்வத்துக்காகச் சதா வெட்கப்படுகிறவன். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பான். ஆனால் அவன் ஒரு கிளாஸ் பியர் வாங்கித் தந்தால் கார்டன் தன்னிடம் மிஞ்சியிருப்பதைப் போட்டாவது பதிலுக்கு வாங்கித் தர வேண்டும். ரோஸ்மேரியையும் செலவழிக்க விடமாட்டான், ஆண்பிள்ளை மானம். இருவரும் நகரத்துக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பக்கம் போகிறார்கள். வழியில் ஒரு படாடோபமான ஹோட்டலில் ருசியற்ற உணவுக்குக் கொடுத்தது போகக் கையில் எட்டுப் பென்ஸ்தான் மிச்சம். அதற்குப் பிறகு ரோஸ்மேரி தன்னைத் தரச் சித்தமாயிருக்கும் நேரத்திலும் அந்த எட்டுப் பென்ஸே அவன் மூளையில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை துல்லியமாகக் கணக்குப் பார்க்கும் மனத்துக்கு ஜூலியாவின் கணக்கு மட்டும் வேறு புத்தகத்தில் இருக்கிறது. பணக்கார நண்பனிடம் வாங்கினால் அவமானம், காதலியிடம் வாங்கினால் அவமானம். எல்லோரிலும் ஏழையான அக்காவிடம் வாங்கும்போது மட்டும் மானத்துக்கு ஏதும் நேர்வதில்லை. காரணம் எளிது. ராவல்ஸ்டனும் ரோஸ்மேரியும் அவனைப் பார்க்கிறவர்கள்; அவர்கள் பார்வையில் தான் எப்படி இருக்கிறோம் என்பது அவனுக்கு முக்கியம். ஜூலியா அவனைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து நிற்கிறாள்.

அவனுக்குக் குற்றவுணர்வு இல்லையா என்றால், இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆர்வெல் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றவுணர்வு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஒரு தவணை. ஒவ்வொரு முறை வருந்தும்போதும் கொஞ்சம் அடைத்துவிட்டதுபோல ஆகிறது. மனம் கூசினாலே போதும், கை நீள வேண்டியதில்லை. நுண்ணுணர்வு உள்ளவர்கள் என்று தங்களைக் கருதுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய வசதி. நுண்ணுணர்வு இல்லாதவன் கடனை மறந்துவிடுவான், அல்லது கொடுத்துத் தொலைப்பான். அதை வைத்து அகவுலகம் கட்டமாட்டான்.

ஒருவர் கேட்கலாம்: ஜூலியா மனமுவந்துதானே கொடுத்தாள்? கட்டாயம் இல்லை, ஏமாற்று இல்லை. திருப்பிக் கேட்டதும் இல்லை. கொடுத்தவர் கடனாக எண்ணாததை வாங்கியவர் மேல் கடனாகச் சுமத்துவது மூன்றாம் மனிதனின் அத்துமீறல் ஆகாதா? இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் பேரேட்டில் எழுத ஆரம்பித்தால் கார்டன் எதை எதிர்த்தானோ அந்தத் தெய்வத்துக்கே நாம் பூசாரியாகிவிடுவோம். ஆனாலும் ஒன்று இருக்கிறது. ஜூலியாவின் சம்மதம் எங்கே தயாரானது? எந்த வீட்டில் அவள் படிப்பு அவன் படிப்புக்காக நிறுத்தப்பட்டதோ அங்கே. கொடுப்பதற்கென்றே ஒருத்தியை வளர்த்துவிட்டு, அவள் கொடுக்கும்போது அவள் இஷ்டம் என்று சொல்வது, கன்றைக் கட்டிவைத்துப் பழக்கி, பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, பார் தானாகவே நிற்கிறது என்று சொல்வதைப் போல. அவள் சம்மதம் பொய்யல்ல. ஆனால் அதை ஆதாரமாகக் காட்டும் உரிமை, அந்த ஏற்பாட்டின் பலனை அனுபவித்தவனுக்கு இல்லை.

தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. ஜூலியா இரண்டாம் அர்த்தத்தில் கொடுக்கிறாள், கார்டன் முதல் அர்த்தத்தில் வாங்குகிறான். அவள் தன் கடனைச் செய்கிறாள். அவன் தன் கடனை எழுதிவைத்துக்கொள்கிறான். ஒரே நாணயம் கை மாறும்போது இரண்டு அறங்கள் ஒன்றையொன்று காணாமல் கடந்துபோகின்றன.

தத்துவத்தில் இந்தப் பிரச்சினைக்குப் பிரசித்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய 'தார்மீக அதிர்ஷ்டம்' பற்றிய கட்டுரையில் கோகன் என்று ஓர் ஓவியனைக் கற்பித்துக்கொள்கிறார். உண்மையான கோகனின் வாழ்க்கையை அப்படியே பின்பற்றாத கோகன். குடும்பத்தைக் கைவிட்டு ஓவியத்துக்காகப் போகிறான். அவன் செயலுக்கு நியாயம் உண்டா என்பது போகும்போது தெரியாது. ஓவியம் தேறினால்தான் நியாயம் தேறும். தேறாவிட்டால் தான் எண்ணியது தவறு என்று அவனுக்கே ஆகிவிடும். அதாவது நியாயம் பின்னாலிருந்து வருகிறது, கொஞ்சம் அதிர்ஷ்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. வில்லியம்ஸ் நேர்மையான சிந்தனையாளர். ஓவியம் தேறினாலும் கைவிடப்பட்டவர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதலைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். டென்மார்க்கில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய உண்மையான கோகனின் மனைவி மெட்டேக்குத் தாஹித்தி ஓவியங்கள் எந்த விதத்தில் பதில்?

என்னை உறுத்துவது இன்னொன்று. உதாரணமாக எடுத்துக்கொண்டதே கோகனை. தேறிய ஒருவனின் பெயர். அந்தப் பெயரைச் சொன்னவுடன் வழக்கு பாதி தீர்ந்துவிடுகிறது. அந்த மஞ்சளும் சிவப்பும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகின்றன. ஒரு கோகனுக்கு எத்தனை காம்ஸ்டாக்குகள்? 153 பிரதிகள் விற்றவர்கள், அதுவும் விற்காதவர்கள், இரண்டாயிரம் வரியில் நானூறாவது வரியில் நின்றுவிட்டவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் எங்கோ ஒரு தேநீர்க் கடை. தத்துவம் மேதையை உதாரணமாக எடுக்கிறது. துன்பியல் மேதையின் வீழ்ச்சியை எடுக்கிறது. தேறாதவனை எடுத்துக்கொள்ள ஹாஸ்யத்தால்தான் முடிகிறது. கார்டனைச் சுமாரான கவிஞனாகப் படைத்தது ஆர்வெல் அவனுக்குச் செய்த அநியாயம் அல்ல. கேள்வியை அதிர்ஷ்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க அது ஒன்றே வழி. கவிதை கைகொடுக்காது என்றான பிறகு எஞ்சுவது ஐந்து பவுன் மட்டும்.

நூட் ஹாம்சனின் 'பசி'யோடு (1890) வைத்துப் பார்த்தால் இது துலங்கும். அந்த நாவலின் பெயரற்ற எழுத்தாளன் கிறிஸ்தியானியா தெருக்களில் பட்டினி கிடக்கிறான். அவனுக்கு வீடு இல்லை, அக்கா இல்லை, அவனுக்காக உழைக்கும் எவரும் கண்ணில் படுவதில்லை. அவன் பசி அவனுடையது. அதனால்தான் அது ஒரு மகத்துவத்தை அடைகிறது. ஆனால் அது ஒரு வகையில் சௌகரியமான பசி: விலாசம் இல்லாதது, யாருக்கும் பில் வராதது. ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' (1891) வேறு மாதிரி. அதில் எழுத முடியாமல் போகும் ரியர்டனின் மனைவி ஏமி வாயைத் திறந்து பேசுகிறாள், கணக்குக் கேட்கிறாள், விட்டுப் போகிறாள், கடைசியில் பத்தாயிரம் பவுன் சொத்தும் அவளுக்கு வருகிறது. கிஸ்ஸிங்கை ஆர்வெல் மிகவும் மதித்தவர். பின்னாளில் அவர்மேல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஏமி பேசுவதால் நாம் அவளை எதிர்த்து ரியர்டன் பக்கம் நிற்க முடிகிறது. ஜூலியா பேசுவதில்லை. அவளை எதிர்க்க வழியே இல்லை.

ஆர்வெல் அவளையும் சிரிப்பிலிருந்து விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயரம், நீண்ட கழுத்து, மெலிந்த முகம், வாத்தின் சாயல் என்று வர்ணிக்கிறார். அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. நாவலில் மற்ற எல்லோர் மேலும் படும் பரிகாசம் அவர்கள் பாசாங்கின் மேல் படுகிறது. ஜூலியாவிடம் பாசாங்கு இல்லாததால் அது அவள் உடம்பின் மேல் விழ வேண்டியதாகிறது. அந்த இடத்தில் நாவலாசிரியரே கொஞ்சம் கார்டன் ஆகிவிடுகிறார்.

ஆகியிருக்கலாம் என்பதற்கு வாழ்க்கையிலும் தடயங்கள் உண்டு. வாழ்க்கையைக் கொண்டு நாவலை மடக்குவது எனக்குப் பிடித்த காரியமல்ல. ஆனால் இங்கே இரண்டும் ஒன்றையொன்று பார்த்து விழிக்கின்றன. 1934 அக்டோபரிலிருந்து 1936 ஆரம்பம் வரை ஆர்வெல் ஹாம்ஸ்டெட்டில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தார். அந்த வேலையைப் பிடித்துக்கொடுத்தது அத்தை நெல்லி. பாரிசில் அவர் இருந்த காலத்தில் அங்கே குடியிருந்தவரும் இந்த அத்தைதான். அந்தக் காலத்தை வைத்து எழுதிய பாரிஸ் - லண்டன் பஞ்சப் புத்தகத்தில் (1933) அத்தையைக் காணோம். அக்காலத்தில் சௌத்வோல்டில் அவர் தங்கை அவ்ரில் ஒரு தேநீர்க் கடை நடத்திவந்தார். 1936 ஜூனில், நாவல் வெளிவந்து இரண்டு மாதத்துக்குள், ஐலீனை மணந்தார். ஐலீன் உளவியலில் செய்துகொண்டிருந்த மேற்படிப்பை விட்டுவிட்டார். யுத்த காலத்தில் அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்தார். 1945 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை மேசையில் 39 வயதில் இறந்தார். அதற்கு முன் கணவருக்கு எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்றில், சிகிச்சைக்கு ஆகும் செலவுக்குத் தான் பெறுவாளா என்று சந்தேகப்படுகிறார். 2023இல் ஆனா ஃபண்டர் இந்த மனைவியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி ஆர்வெல்லைக் கூண்டில் நிறுத்தினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனால் ஐலீனின் அந்தக் கடிதத்து வரியை ஜூலியா எழுதியிருக்க முடியும். அதை ஆர்வெல் ஒன்பது வருஷங்களுக்கு முன்னாலேயே கண்டிருந்தார், கண்டும் அதற்கு மேல் என்ன செய்ய என்று தெரியாமல் வாத்தின் கழுத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பார்ப்பது போதாது போலிருக்கிறது.

இந்த நாவலை மறுபதிப்பு செய்யவேண்டாம் என்று ஆர்வெல் பின்னாளில் விரும்பினார். காசுக்காக எழுதிய புத்தகம் என்று வெட்கப்பட்டார். பணத்தை மறுத்தவனைப் பற்றிய நாவல், பணத்துக்காக எழுதப்பட்டதால் ஆசிரியரால் மறுக்கப்பட்டது. இதைவிட நல்ல ஹாஸ்யத்தை அவரே எழுதியிருக்க முடியாது. போதாததற்கு, அச்சுக்கோத்த பிறகு, வழக்கு வருமோ என்ற பதிப்பாளரின் அச்சத்தால் நாவலில் வரும் விளம்பர வாசகங்களை மாற்றி எழுதும்படி ஆயிற்று. புத்தகம் கெட்டது என்று ஆர்வெல் புலம்பினார். கார்டன் விட்டு ஓடிய வேலையை அவனைப் படைத்தவர் உட்கார்ந்து செய்தார்.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படிக்கும் இருநூறு முந்நூறு பேருக்கும் ஒரு கதை தெரியும்: மனைவியின் வளையலை அடகு வைத்து இதழ் கொண்டுவந்தவரின் கதை. ஒருவருடையதல்ல, பலருடையது. நாம் அதைச் சொல்லும் தொனியில் ஒரு பெருமிதம் இருக்கிறது. நானும் அந்தத் தொனியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் அவர். அடகு வைத்தது அவர், கொண்டுவந்தது அவர், தியாகம் செய்தது அவர். வளையல் செயப்படுபொருள். வளையலின் கைக்குரியவள் ஆறாம் வேற்றுமை உருபில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். தியாகம் என்ற சொல்லை வைத்துக்கொள்வதென்றால் அது யாருடையது என்று அந்த வாக்கியமே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. வேகமாகச் சொல்லிப் பழகியதால் காதில் விழுவதில்லை. அந்த இதழ்கள் வராமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் சில இல்லாமல் நான் இல்லை. அதனாலேயே நானும் வாங்கியவர்களில் ஒருவன் ஆகிறேன். அவர் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பெண்மணியிடம் கடன்பட்டிருக்கிறேன். வில்லியம்ஸின் கோகனாவது தன் நியாயத்துக்காகக் காத்திருந்தான். நாம் தியாகத்தின் மகிமையை முன்பணமாகவே வாங்கிக்கொண்டுவிடுகிறோம்.

நாவலின் முடிவைப் பற்றி விமர்சகர்களுக்குள் ஒரு பழைய சர்ச்சை உண்டு. ரோஸ்மேரி கர்ப்பமாகிறாள். லாம்பெத்தில் ஒரு மலிவு வாடகை நூலகத்தில் முப்பது ஷில்லிங்குக்கு, கீழே கீழே இறங்கிப்போய்க்கொண்டிருந்த கார்டன் திரும்ப விளம்பரக் கம்பெனிக்குப் போகிறான். பாத வியர்வை நாற்றத்துக்கு எதிராக நாட்டையே பயமுறுத்தும் விளம்பரத் திட்டத்தில் அவன் திறமை ஜ்வலிக்கிறது. நெடுங்கவிதையின் கையெழுத்துப் பிரதியைச் சாக்கடைக்குள் திணிக்கிறான். கல்யாணமானதும் அவனாகவே பிடிவாதம் பிடித்து ஓர் ஆஸ்பிடிஸ்ட்ரா வாங்குகிறான். இது சரணாகதி என்கிறது ஒரு கட்சி. கலைஞனைச் சமூகம் விழுங்கிவிட்டது. இல்லை, இது முதிர்ச்சி என்கிறது மறு கட்சி. பாசாங்கை விட்டு வாழ்வை ஏற்றுக்கொண்டான். நான் முதலில் முந்திய கட்சியிலும் பிறகு பிந்தியதிலும் இருந்தேன்.

இரண்டு கட்சிகளும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன: கார்டன் தனக்கு என்ன செய்துகொண்டான். கலையா பணமா என்ற அந்த மகத்தான இருவழிச் சந்தியில் இரண்டு பாதைகளும் அவனுடைய ஆசைகளே. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகிறான். எந்தப் பாதையிலும் ஜூலியாவின் தேநீர்க் கடை எதிர்ப்படவில்லை. வேலைக்குத் திரும்பினான் என்பதால் கடன் தீர்ந்துவிடாது. கவிஞனாகவே இருந்திருந்தாலும் தீர்ந்திருக்காது. கவிதையைச் சாக்கடையில் போட்டதுகூடத் தன் பொருளைத் தான் எறிந்ததாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதில் எத்தனை வரிகள் யாருடைய மணி நேரத்தில் எழுதப்பட்டவை என்று எறியும் கைக்கும் தோன்றவில்லை, எனக்கும் முதலில் தோன்றவில்லை.

கடைசி அத்தியாயத்தில் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடக்கிறது. மணமக்களே ஏதேதோ சாக்குச் சொல்லித்தான் அன்று லீவு வாங்கியிருக்கிறார்கள். ஒரு சாட்சி ராவல்ஸ்டன். ஜூலியா வரவில்லை, தேநீர்க் கடையிலிருந்து அவளால் வர முடியவில்லை. ஆர்வெல் இதற்கு ஒரு வாக்கியம்கூட முழுதாகச் செலவழிக்கவில்லை. இரண்டாவது சாட்சிக்கு அலுவலக வாசலில் நிற்கும், சாட்சிக் கையெழுத்துப் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட, பல்லில்லாத ஓர் ஏழையைப் பிடிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டதற்கு அவனுக்கு இரண்டரை ஷில்லிங் கொடுத்தனுப்புகிறார்கள். உடனே, ரொக்கமாக.